முதலில் அனுப்பியவர் யார்?

"தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் சார்?" என்று என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். பேச்சு வாட்ஸ்அப் செய்திகளை அரசாங்கம் பார்க்கலாமா என்பதைப் பற்றியது. நியாயமான கேள்விதான்.

எங்கள் கோவிலூர்ப் பக்கத்திலிருந்து ரங்கூனுக்குக் கடிதம் போன காலத்திலேயே அதைப் பிரித்துப் பார்க்க அரசாங்கத்துக்கு 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் அதிகாரம் அளித்தது. 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அது உண்டு. ஆனால் ஓர் உறையைப் பிரித்தால் மற்ற உறைகள் ஒட்டியபடியேதான் இருக்கும்.

வாட்ஸ்அப் செய்தி அப்படிப்பட்டதன்று. 2016 முதல் அது அனுப்புபவரின் கைப்பேசியில் மறைகுறியாக மாற்றப்பட்டு, பெறுபவரின் கைப்பேசியில்தான் மீண்டும் எழுத்தாகிறது. நடுவிலுள்ள நிறுவனத்திடமும் சாவி கிடையாது. இந்தப் பூட்டு வெறும் கணிதம். திறக்க வருபவர் போலீஸா, திருடரா என்று கணிதத்துக்குத் தெரியாது. போலீசுக்கென்று மாற்றுச் சாவி செய்தால், அதைத் திருடியவனுக்கும் எல்லாப் பூட்டும் திறக்கும்.

மறுபக்கமும் இருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி ஊரார் அடித்தே கொன்றுவிட்டார்கள். கைப்பேசிகளில் பரவிய வதந்தியே காரணம். அதைக் கிளப்பியவரைப் பிடிக்க வேண்டாமா?

2019-இல் சென்னை உயர்நீதிமன்ற வழக்கொன்றில், முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தனுப்பலாம் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி. இதனால் பெரும்பயன் விளையாது, அந்தரங்கமே குறையும் என்று மறுத்தார் பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதிகள், ஆணையிட்டால் முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும் என்றன. வாட்ஸ்அப் நிறுவனம் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று.

நான் மறுத்தவர் பக்கம். ஏன் என்கிறீர்களா? டீக்கடைச் சுவரில் கண்ட ஒரு துண்டறிக்கையைப் படமெடுத்து நீங்கள் வகுப்புக் குழுவில் போடுகிறீர்கள். கணக்குப்படி முதல் அனுப்புநர் நீங்கள்தான்! அச்சடித்தவன் அகப்படமாட்டான். தப்புச் செய்யாதவனுக்குள்ள பயம் இதுதான்.

2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு கட்டியது. அணு உலையில் தொடர்வினையைக் கட்டுப்படுத்தும் தண்டுகளைப் படித்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வேலை. யாருடைய கடிதத்தையும் பிரிக்காமல் செய்த காரியம் இது.