யூடிஎஃப்-16 தமிழுக்குச் சிக்கனமா?

தமிழ் மென்பொருள் எழுதுவோரிடையே ஒரு கணக்கு வெகுநாளாக உலவுகிறது. யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். யூடிஎஃப்-16இல் 2 பைட்தான். ஆகவே யூடிஎஃப்-8 ஆங்கிலத்துக்கு வாகானது, நமக்கு யூடிஎஃப்-16தான் லாபம் என்கிறார்கள். கூட்டல் சரி. முடிவு தவறு.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடில் அது ஐந்து குறிகள். யூடிஎஃப்-8இல் 15 பைட், யூடிஎஃப்-16இல் 10. இணையப் பக்கத்தில் அதையே ஒரு பத்தியாக வைத்தால், முன்னும் பின்னும் ஹெச்டிஎம்எல் குறிச்சொற்களாக ஏழு எழுத்துகள் சேரும். யூடிஎஃப்-8இல் அவை 7 பைட், மற்றதில் 14. மொத்தம் 22, 24! பத்தி நீண்டால் கணக்கு மறுபடி திரும்பும், உண்மைதான். ஆனால் ஒரு ஃபிரேம்வொர்க் நாள் முழுக்கக் கையாளும் கோப்புப் பாதைகள், இணைய முகவரிகள், ஜேசன் சாவிகள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே.

யூடிஎஃப்-16இல் எல்லாக் குறிக்கும் ஒரே அளவு என்பது அடுத்த வாதம். 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது 65,536 இடங்கள் உலகத்துக்கே போதும் என்று நம்பினார்கள். விண்டோஸ் என்டியும் ஜாவாவும் அதை நம்பித்தான் 16 பிட்டைப் பிடித்துக்கொண்டன. 1996இல் இரண்டாம் பதிப்பிலேயே அது பொய்த்தது. எல்லை தாண்டிய குறிகளுக்கு இரட்டை அலகு, 4 பைட். 'அதெல்லாம் எமோஜிக்குத்தானே' என்று தள்ளிவிட முடியாது. நம் முந்திரி, அதாவது 1/320 பின்னத்தின் குறி, 2019இல் யூனிகோடில் ஏறியதும் அந்த எல்லைக்கு அப்பால்தான். அந்த ஒற்றைக் குறியின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட் 2 என்கிறது.

சரி, எல்லாம் ஒரே அளவாகவே இருந்தாலும் என்ன பயன்? 'தமிழ்' ஜாவாஸ்கிரிப்டுக்கு 5. படிப்பவர் கண்ணுக்கு 3. முதல் நான்கை வெட்டி எடுத்தால் புள்ளி பறிபோய் 'தமிழ' என்று நிற்கும். எழுத்தை எண்ணுவது குறிமுறையின் வேலையல்ல. யூனிகோடின் எழுத்துக்கொத்து விதிகளைப் பின்பற்றும் நிரலே அதைச் செய்யும்.

ஆப்பிளின் ஸ்விஃப்ட் 'தமிழ்' என்பதைச் சரியாக 3 என்றே எண்ணுகிறது. அதே ஸ்விஃப்ட்தான் 2019இல், ஐந்தாம் பதிப்பில், தன் ஸ்ட்ரிங்கை யூடிஎஃப்-16ஐ விட்டு யூடிஎஃப்-8க்கு மாற்றிக்கொண்டது. கோ, ரஸ்ட் இரண்டும் பிறவியிலேயே யூடிஎஃப்-8. ஜாவாவுக்கு அவ்வளவு எளிதல்ல. 16 பிட்டை நம்பி எழுதிய பழைய நிரல்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. அந்தச் சுமை இல்லாத புதிய ஃபிரேம்வொர்க், தமிழின் பேரைச் சொல்லி யூடிஎஃப்-16ஐத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நியாயமும் இல்லை.