வராத கணினியின் விலை

சென்ற 2025 ஆம் ஆண்டு ஆடிக் கிருத்திகைக்குச் சில தினங்கள் முன்பு, மணவூர் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்காக நாம் காத்திருந்தபோது, நண்பர் ஒருவர் தம் மகளுடன் வந்து சேர்ந்தார். பெண் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். மடிக்கணினி வாங்கியாகி விட்டதா என்று விசாரித்தோம்.

"இப்போது வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல, ஸார்! தீபாவளிக்குப் புது மாடல் வருகிறது. நினைவகம் இரண்டு மடங்காம். விலை பத்தாயிரம் குறைவாம்!" என்றார்.

"யார் சொன்னது?"

"எல்லோரும் சொல்கிறார்கள், ஸார்!"

பெண் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி வந்து விட்டது.

"எல்லோரும் சொல்கிறார்கள்" என்பதை நம்பி ஒரு தேசமே ஏமாந்த கதை மணவூருக்கு வெகு தூரத்தில் நடந்ததன்று. அரக்கோணத்தில் வண்டி மாறினால் திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி போய்விடலாம் அல்லவா? அந்தத் திருப்பதியில்தான் 2009 ஆம் ஆண்டு பிப்ரவரி 3 ஆம் தேதி, மத்திய அரசின் பத்து டாலர் மடிக்கணினி வெளிவரப் போகிறது என்ற செய்தி பரவியது. பத்து டாலர் என்றால் அன்றைக்கு ஏறக்குறைய 500 ரூபாய். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் வியந்து எழுதின. அதன் நினைவகம் இவ்வளவு, சக்தி இவ்வளவு என்றெல்லாம் பொருளைப் பாராமலே ஜாதகம் கணித்தார்கள். குறித்த தினத்தில் திரை விலகியது. மேடையில் இருந்தது மடிக்கணினியே அன்று. பாடங்களைச் சேமித்து வைப்பதற்கான ஒரு சிறு கருவி!

நாம் மட்டும் இப்படி ஏமாந்ததாக வருத்தப்பட வேண்டியதில்லை. அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரபான்டே, ஏழைக் குழந்தைகளுக்கு நூறு டாலரில் மடிக்கணினி என்று 2005 இல் அறிவித்தார். 2007 இல் அது உற்பத்திக்கு வந்தபோது விலை 188 டாலர் ஆகியிருந்தது. நம் நாட்டில் 2010 இல் 35 டாலர் என்று பேசப்பட்ட 'ஆகாஷ்' பலகைக் கணினி, 2011 அக்டோபரில் வெளிவந்தபோது அரசுக்கு ஏறக்குறைய 50 டாலர் ஆயிற்று. அதன் நினைவகமோ வெறும் 256 எம்.பி.தான். இம்மூன்றிலும் விலை முதலில் பிறந்தது; பொருள் பிறகு பிறந்தது. பிள்ளை பிறக்கு முன்பே அளவெடுத்துத் தைத்த சட்டை எப்படிப் பொருந்தும்?

நம் நண்பர் இதற்கெல்லாம் அசைபவர் அல்லர். 2025 மார்ச்சில் தமிழக வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்றும், அவ்வாண்டுக்கு 2,000 கோடி ரூபாய் என்றும் அறிவித்தார்கள். தம் மகள் அத்திட்டத்தில் சேராதவள் ஆயினும், நண்பர் 2,000 கோடியை 20 லட்சத்தால் வகுத்து, "ஒரு கணினி பத்தாயிரம்தான்! கடைக்காரனும் இறங்கி வரத்தானே வேண்டும்?" என்றார். பள்ளிக்கூடத்து வழக்கப்படி கணக்கைத் திருத்தினோம். ஓர் ஆண்டுப் பணத்தை இரண்டு ஆண்டு மாணவர்களால் வகுக்கலாகாது. முதல் ஆண்டுக்குப் பாதிப் பேர், அதாவது 10 லட்சம் என்று கொண்டால் தலைக்கு 20,000 வருகிறது. அன்றியும், லட்சக்கணக்கில் கேட்பவனுக்குச் சொல்லும் விலையை ஒன்று கேட்பவனுக்கு யார் சொல்வார்கள்?

ஆனால் அரசாங்கம் செய்த ஒரு காரியத்தை நண்பர் கவனிக்கவில்லை. ஒப்பந்தப் புள்ளி கோரும்போது, நினைவகம் 8 ஜி.பி., சேமிப்பகம் 256 ஜி.பி. என்று தேவையை முதலில் எழுதினார்கள். பிறகே விலை கேட்டார்கள். குடும்பஸ்தர் கைக்கொள்ள வேண்டிய முறை இதுவே.

விலை தானாக இறங்கும் என்பதற்கும் ஆதாரம் போதாது. நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரிலேயே எச்.பி. நிறுவனத்தின் மடிக்கணினிகள் செய்யப்படுவதாக 2021 இல் அறிவிப்பு வந்தது. மகிழ்ச்சிதான். ஆயினும் கணினியின் மூளையான சில்லும், நினைவகமும், திரையும் பெரும்பாலும் கடல் கடந்தே வருகின்றன. டாலர் ஏறினால் நம் கணினியும் ஏறும். அதன் மேல் நூற்றுக்கு 18 ரூபாய் ஜி.எஸ்.டி. போதாக்குறைக்கு, 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காக எழும்பும் பெரிய கணினிக் கூடங்கள் அவற்றை மொத்தமாக வாங்கிக்கொண்டன. வீட்டுக் கணினிக்காரர்களுக்கு நினைவகம் விற்றுவந்த தொழிலையே கைவிடுவதாக மைக்ரான் நிறுவனம் டிசம்பரில் அறிவித்தது.

தீபாவளி வந்தது. நண்பர் பொங்கலுக்குத் தள்ளிவைத்தார். பொங்கலும் வந்தது. அதே கணினிக்கு ஆடியில் சொன்னதைவிட நாலாயிரம் அதிகமாகச் சொன்னான் கடைக்காரன். அன்று மாலை நண்பர் நம் வீட்டுக்கு வந்தார். மகளும் கூட வந்திருந்தாள். முதற் பருவத்துக் கட்டுரைகளையெல்லாம் எப்படி எழுதினாய் என்று அவளைக் கேட்டோம்.

"அப்பா செல்போனில்தான், ஸார். அப்பா தூங்கின பிறகு எடுத்துக்கொள்வேன். பெரிய கணக்கு அட்டவணை மட்டும் அதில் போட முடியவில்லை. அதற்கு மார்க் போய்விட்டது" என்றாள்.

நண்பர் தலை குனிந்துகொண்டார். பத்தாயிரம் மிச்சம் பிடிக்கப் போனவர், அந்தச் செலவை எந்தக் கணக்கிலும் எழுதி வைக்கவில்லை.

ஒரு காகிதத்தை அவளிடம் கொடுத்து, வேண்டியதை எழுதச் சொன்னோம். கட்டுரை எழுத வேண்டும். அட்டவணை போட வேண்டும். வகுப்புப் பாடங்களைப் பார்க்க வேண்டும். ரயிலில் சுமக்கக் கனமில்லாமல் இருக்க வேண்டும். ஒரு பகல் முழுதும் மின்சாரம் தாங்க வேண்டும். ஐந்தே வரிகள். தீபாவளி மாடலின் அதிசயங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. இவற்றுக்குப் போதுமான கணினி ஆடி மாதத்திலேயே கடையில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூருக்குப் போய் வாங்கி வந்தார்கள். நேயர்கள் வீட்டிலும் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். வரப்போகும் மாடலைப் பற்றி ஊரார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கு முன், அந்தப் பிள்ளையின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுங்கள்.