முதலில் கத்தியா, மாத்திரையா?

படவேட்டில் வாழை போட்டிருக்கும் ஒருவருக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனில் நுரையீரலிலும் புள்ளிகள். அவர் வேலூருக்கு பஸ் ஏறும் முன்பே ஊர் தீர்ப்பு சொல்லிவிடும்: ‘முதல்ல அறுத்து எடுத்துரச் சொல்லு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.’

ரொம்ப காலம் டாக்டர்களும் இதையேதான் சொன்னார்கள். 2018-ல் வெளியான கார்மெனா ஆய்வு அதை ஆட்டிவிட்டது. நோய் பரவிய 450 பேரில் ஒரு பாதிக்கு ஆபரேஷன் செய்துவிட்டு சுனிடினிப் மாத்திரை. மறு பாதிக்கு மாத்திரை மட்டும். மாத்திரைக்காரர்களின் ஆயுள் ஒன்றும் குறைந்துபோகவில்லை. முதலில் மருந்து, அது கேட்கிறவர்களுக்குப் பிறகு கத்தி என்ற யோசனை அதன்பின் வலுத்தது. பெரிய கட்டியைச் சுருக்கி, சிறுநீரகத்தில் ஒரு பகுதியையாவது காப்பாற்றவும் சிலருக்கு இப்படிச் செய்கிறார்கள். பரவாத சின்னக் கட்டிக்கு இன்றும் கத்திதான் வைத்தியம்.

கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்கிறது. இந்த மாத்திரைகள் அந்த மடையை அடைக்கின்றன. வாழைக்காரருக்கு இது உடனே புரியும். விலைதான் புரியாது.

அதே ரகத்து மாத்திரையான சொராஃபெனிப்புக்கு பேயர் கம்பெனி 2008-ல் இங்கே காப்புரிமை வாங்கியது. ஒரு மாத மருந்து சுமார் 2,80,000 ரூபாய். 2012 மார்ச்சில் காப்புரிமைத் தலைமை அதிகாரி பி.எச்.குரியன், ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார். விலை 8,880 ரூபாய்க்கு இறங்கியது. பேயருக்கு 6 சதவிகித ராயல்டி. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான மேல்முறையீட்டு வாரியம் 2013-ல் அதை 7 ஆக்கி, உரிமத்தை உறுதி செய்தது. பம்பாய் ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று ஏறிய பேயர் 2014-ல் இரண்டு இடத்திலும் தோற்றது.

‘லாபம் இல்லாட்டி யார் சார் மருந்து கண்டுபிடிப்பாங்க?’ என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பேயரின் அப்போதைய தலைவர் டெக்கர்ஸ் 2013-ல் என்ன சொன்னார்? இந்த மருந்தை இந்தியச் சந்தைக்காக உருவாக்கவில்லையாம், வாங்க வசதியுள்ள மேலைநாட்டு நோயாளிகளுக்காகவாம். அப்படியானால் இங்கே எதற்கய்யா காப்புரிமை?

இந்தியா இதுவரை கொடுத்த கட்டாய உரிமம் அந்த ஒன்றுதான். பிறகு டாசடினிப்புக்கும் சாக்ஸாகிளிப்டினுக்கும் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குப் பரவிய சிறுநீரகப் புற்றுக்கு முன்னணி வைத்தியத்தில் பெம்ப்ரோலிசுமாப் போன்ற ஊசிகளும் சேர்ந்துவிட்டன. விலை லட்சங்களில். கம்பெனி எதுவும் மனுப் போடாவிட்டாலும், 1970-ஆம் வருடச் சட்டத்தின் 100-ஆவது பிரிவில் மத்திய அரசே ஒரு காப்புரிமையைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ள வழியிருக்கிறது. சுகாதார அமைச்சகம் எதற்காகக் காத்திருக்கிறது?