தொரப்பள்ளிக்காரரும் ஓசூர்க்காரரும்

ஹெர்மன் மெல்விலின் ‘மோபி டிக்’ 1851இல் வந்தது. 135 அத்தியாயங்கள். ஒரு திமிங்கிலத்தைத் துரத்தும் கதைக்குள் கப்பல் தொழில், உயிரியல், வேதாகமம் என்று எல்லாம் புகுந்துகொண்டன. மெல்வில் உயிரோடு இருந்தவரை அந்தப் புத்தகம் விலைபோகவில்லை. நூறாண்டு கழித்து ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ 1952இல் ‘லைஃப்’ பத்திரிகையின் ஒரே இதழில் முழுசாக வெளியாகி, இரண்டே நாளில் 50 லட்சம் பிரதிகள் போயின. அதுவும் மீனைத் துரத்திய கதைதான்.

ஓசூர் வட்டாரத்திலும் இப்படி ஒரு ஜோடி உண்டு, வரிசை மட்டும் தலைகீழ். இங்கே சுருக்கம் முதலில் வந்தது, நீளம் பிறகு வந்தது. 1878 டிசம்பர் 10 அன்று தொரப்பள்ளி முன்சீப் வீட்டில் பிறந்த ராஜாஜி ஒருவர். மதுரையில் பிறந்து ஓசூரில் வாழும் நாவலாசிரியர் பா.வெங்கடேசன் இன்னொருவர். ராஜாஜியை நாவலாசிரியர் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால் சேர்க்க முடியாதுதான். அவர் தந்தவை சிறுகதைகளும் இதிகாச உரைநடையும். ஆனாலும் கதை சொல்லும் விதத்தில் இவ்வளவு எதிரெதிரான இருவர் ஒரே வட்டாரத்துக்கு வாய்ப்பது அபூர்வம்.

இந்த வேறுபாட்டைச் சுபாவம் என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. யாருக்காக, எதில் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும்.

திருச்செங்கோடு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் ராஜாஜி ‘விமோசனம்’ பத்திரிகையைத் தொடங்கினார். எழுத்தாளர் கல்கி அதில் துணை நின்றார். கள்ளுக்கடைக்குப் போகிறவனைத் தடுப்பதுதான் பத்திரிகையின் வேலை. எழுத்தறிந்த ஒருவர் வாசித்தால் எழுத்தறியாத பத்துப் பேருக்கு விளங்க வேண்டும். அங்கே வாக்கியம் சுற்றி வளைத்தால் கேட்பவன் எழுந்து போய்விடுவான். பிற்காலத்தில் ‘கல்கி’ வார இதழில் ‘வியாசர் விருந்’தும் ‘சக்கரவர்த்தித் திருமக’னும் தொடராக வந்தபோதும் நடை மாறவில்லை. வாரம் ஒரு துண்டு. போன வாரத்தை மறந்தவருக்கும் இந்த வாரம் புரிந்தாக வேண்டும். ராமாயணத்தை அப்படிச் சொன்னதற்கு 1958இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது.

இந்த எளிமைக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் படமாக்கிய அவருடைய ‘திக்கற்ற பார்வதி’ கதையையே எடுத்துக்கொள்ளலாம். குடி, கடன், சிதையும் குடும்பம் என்று கதை ஓட்டமாக ஓடுகிறது. பார்வதியின் மனசுக்குள் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றால் ஆசிரியர் விடுவதில்லை. மதுவிலக்குப் பிரசாரகரின் கை கதைசொல்லியின் தோளை அழுத்திக்கொண்டே இருக்கிறது.

வெங்கடேசனுக்கு அந்த அவசரமே கிடையாது. அவருடைய ‘தாண்டவராயன் கதை’ (2008) அசல் தலையணை நாவல். பார்வையிழந்த மனைவி எலினாருக்கு மருந்து தேடி டிரிஸ்ட்ராம் என்ற ஆங்கிலேயன் திப்பு காலத்து இந்தியாவுக்கு வருகிறான். ஒரு கதைக்குள் இன்னொரு கதை, அதற்குள் மற்றொன்று. வாக்கியங்களும் அப்படியே. எழுவாயை எங்கோ விட்டுவிட்டு எச்சங்களைப் பிடித்துக்கொண்டே போகும் வாசகன், வினைமுற்று வந்து சேர்வதற்குள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாக வேண்டும். வார இதழ் எதுவும் இதைத் தாங்காது. சிறுபத்திரிகை வளர்த்த வாசகனையும் நேரடியாகப் புத்தகமாக வரும் நாவலையும் நம்பித்தான் இப்படி எழுத முடியும். சில இடங்களில் சலிப்புத் தட்டுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் டிரிஸ்ட்ராமின் தேடல் வாசகனுடைய தேடலாகவே மாறுவது அந்தச் சுற்றுவழியால்தான். சுருக்கினால் மிஞ்சுவது வெறும் மருந்து வேட்டை.

இருவரையும் கால வரிசையில் படிக்காமல் கதை நடக்கும் வரிசையில் படிப்பது நல்லது. 1792இல் திப்புவிடமிருந்து பாரமகால் என்ற கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பகுதியும் போனது. அதற்குப் பின்னால் வந்த வரி நிர்வாகத்தில் ஒரு கிராமத்து முன்சீப்தான் ராஜாஜியின் தந்தை. அந்த நிர்வாகத்தின் கீழ் கள்ளுக்கடை அரசாங்கத்துக்கு வருமானம், விவசாயிக்குக் கடன். வெங்கடேசன் பின்னோக்கிப் போய்த் தொட்ட காலத்தில் தொடங்கிய ஆட்சிதான் பார்வதியின் குடிசை வரை வந்து நிற்கிறது.