தின்றதா, சுமந்ததா, சேர்த்ததா?

பர்மா அம்பர்த் துண்டு ஒன்றுக்குள் முதுகு வளைந்த சிறு வண்டு. கான்ஃபோகல் லேசர் நுண்ணோக்கியில் அதன் உடல் மயிர்களை ஒட்டி 62 மகரந்தத் துகள்களை எண்ண முடிந்தது. 2019இல் ஆங்கிமோர்டெல்லா பர்மிட்டினா என்று பெயர் பெற்ற இதற்கு வயது 9.9 கோடி ஆண்டு. துகள்கள் மூன்று பள்ளம் கொண்ட வகை, அதாவது பூக்கும் தாவரத்தவை; கொத்தாகவும் கிடந்தன. காற்று கொண்டுவந்து போட்டிருந்தால் இப்படி இருக்காது. பூவுக்குப் போய்வந்த வண்டு என்று தயங்காமல் எழுதலாம்.

எல்லாச் சான்றும் இவ்வளவு வாட்டமாக வாய்ப்பதில்லை. குடலில் மகரந்தம் இருந்தால் பூச்சி அதைத் தின்றது, அவ்வளவுதான். செடிக்கு அது வெறும் நட்டமாகவும் இருந்திருக்கலாம். ரஷ்யாவின் செகார்டா படிவுகளில் (பெர்மியன் காலத்துக்குப் பெயர் தந்த அதே பெர்ம் பகுதி) மகரந்தம் நிறைந்த குடல்கள் 1990களிலேயே தெரிந்திருந்தன. 2023இல் வந்த செய்தி வேறு: 28 கோடி ஆண்டுப் பழமையான தில்யார்டெம்பியா பூச்சிகளின் தலையிலும் காலிலும் வயிற்றிலும் மகரந்தம் ஒட்டியிருந்தது. அதுவும் ஒருசில தாவர வகைகளின் மகரந்தம் மட்டுமே. பூ என்ற ஒன்றே தோன்றாத காலம் அது! ஆனாலும் சுமந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. சேர்க்கை நடந்ததா என்று சொல்ல, சுமப்பதற்கென்றே அமைந்த உறுப்பு ஏதாவது வேண்டும். ஸ்பெயினின் ஆலவா அம்பரில் கிடைத்த இலைப்பேன்களிடம் அது இருக்கிறது. மகரந்தத்தைப் பிடித்துவைக்கும் வளைய மயிர்கள்.

ஆகவே இந்த இதழுக்குக் கட்டுரை அனுப்புவோரிடம் ஒரு வேண்டுகோள். 'மகரந்தச் சேர்க்கைப் பூச்சி' என்று தலைப்பில் எழுதும் முன், துகள் குடலிலா மேலுடலிலா, சுற்றியுள்ள பாறையிலோ பிசினிலோ அதே துகள் எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். பின்னணி எண்ணிக்கை இல்லாத கட்டுரையை மகரந்தவியலாளர் ஒருவர் பார்த்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்; நாமும் அனுப்புவோம்.

நம் நாட்டில் வேலை செய்வோருக்குத் தனியாக ஒன்று. குஜராத்தின் தட்கேஷ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்து அம்பர் சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையானது, குங்கிலிய மரக் குடும்பத்தின் பிசின். முழுதாக இறுகாத பிசின் என்பதால் கரைப்பானில் கரைந்துவிடும். பூச்சியை முழு உடலாக வெளியே எடுக்கலாம். உலகில் அரிதான வசதி இது. ஆனால் மயிரிடுக்கில் எந்தத் துகள் எங்கே இருந்தது என்ற தகவலும் பிசினோடு சேர்ந்து கரைந்து போகும். துண்டைக் கரைப்பானில் போடுவதற்கு முன் ஒளிர்வு நுண்ணோக்கியின் கீழே வையுங்கள். மகரந்தச் சுவர் தானாக ஒளிரும். கால், மார்பு, வயிற்றடி மூன்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிசினையும் வடிகட்டி வைத்துக்கொண்டால் பின்னணி எண்ணிக்கை அதிலிருந்தே கிடைத்துவிடும்.