பாஸ்வேர்டு நெட் சென்டரில்... கம்ப்யூட்டர் நூலகத்தில்! இலவச வகுப்பு யாருக்குப் போய்ச் சேரணும்?

குரூப்-4 அறிவிப்பு வந்துவிட்டால் போதும். பஸ் நிலையம் பக்கத்து நெட் சென்டர்களில் நிற்க இடம் இருக்காது. மார்க் ஷீட், ஆதார், போட்டோ எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வரிசை கட்டுகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவுக்கு கட்டணம் 150 ரூபாய். ஒரு முறை கட்டினால் 5 வருடம் செல்லும். அதற்கு மேல் சென்டர்காரர் கேட்பது தனிக்கணக்கு.

காசு போனால் கூடப் பரவாயில்லை. பதிவு செய்த பிறகு அந்த பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? சென்டர்காரரின் நோட்டில்! ஹால் டிக்கெட் எடுக்கணுமா, மறுபடி அவரிடம்தான் ஓடணும். அவர் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அதே ஊரில் கூப்பிடு தூரத்தில் அரசு நூலகம் இருக்கிறது. மாவட்ட மைய நூலகம் என்றால் இன்டர்நெட்டோடு கம்ப்யூட்டரும் இருக்கும். அங்கே யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு நாள் சொல்லிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை தன் விண்ணப்பத்தை தானே போட்டுவிடும். நூலகத்தில் இலவச கம்ப்யூட்டர், இன்டர்நெட் வகுப்பு வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான்.

ஏற்கனவே கட்டியாச்சு!

'இலவசம்' என்று சொல்வதே தப்பு. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். சொத்து வரியில் 10 சதவீதம் அது. வாடகை வீட்டுக்காரர் ரசீதைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் வாடகைக்குள்ளேயே அதுவும் அடக்கம். உள்ளாட்சிகள் வசூல் செய்து நூலகத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் இது. ஆக, நூலகத்தில் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அது மக்கள் காசுதான்.

இந்த ஏற்பாடு நேற்று வந்தது இல்லை. 1948-லேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர். புத்தகம் பூட்டி வைக்க இல்லை, பயன்படுத்தத்தான் என்பது அவர் வகுத்த விதிகளில் முதலாவது. 1931-ல் மன்னார்குடி பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றி கிராமம் கிராமமாக அனுப்பினார். ஜனங்கள் நூலகத்துக்கு வரலையா, நூலகம் ஜனங்களிடம் போகட்டும் என்ற யோசனை அன்றைக்கே இருந்திருக்கிறது. இன்றைக்கு கம்ப்யூட்டருக்கு அட்டை போட்டு மூடி வைத்திருக்கிற இடங்களைப் பார்த்தால் ரங்கநாதன் என்ன சொல்வாரோ!

சர்டிபிகேட் எண்ணிக்கை

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கிராமப்புற மக்களுக்காக மத்திய அரசு 2017-ல் 'பிரதமரின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம்' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. 6 கோடி பேருக்குப் பயிற்சி தருவது இலக்கு. 2024 மார்ச்சில் திட்டம் முடிந்தபோது 6.39 கோடி பேருக்குப் பயிற்சி கொடுத்ததாகக் கணக்கு. இலக்கைத் தாண்டியாச்சு, சந்தோஷம்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ரெண்டு ஓட்டை தெரிகிறது. ஒன்று, பயிற்சி மொத்தமே 20 மணி நேரம். முடித்ததும் தேர்வு, சர்டிபிகேட். அதோடு சரி. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர் ஒரு மாதம் தொடாமல் இருந்தால் எல்லாம் மறந்து போயிடும். சைக்கிள் மாதிரி இல்லை இது. மாசத்துக்கு ஒரு தடவை வெப்சைட்டே முகத்தை மாற்றிக்கொள்கிறது.

ரெண்டாவது, வயசு. 14-ல் இருந்து 60 வரைதான் அந்தத் திட்டத்தில் சேர முடியும். வீட்டுக்கு ஒருத்தர் கணக்கு. 60 தாண்டிய தாத்தா, பாட்டிகளுக்கு இடமே இல்லை. பென்ஷன், பேங்க், ரேஷன் என்று ஆன்லைனில் அதிகம் அலைக்கழிக்கப்படுவதே அவர்கள்தான்.

நூலகத்தின் பலம் இங்கேதான் வருகிறது. அங்கே கோர்ஸ் முடிந்தது என்று யாரும் கதவைச் சாத்துவதில்லை. இன்றைக்கு மறந்தால் நாளைக்குப் போய்க் கேட்கலாம். வயசு வரம்பு கிடையாது. பேப்பர் படிக்கத் தினமும் வருகிற பெரியவரை அப்படியே பக்கத்து நாற்காலிக்கு நகர்த்தினால் போதும்.

'அதான் போன் இருக்கே?'

எல்லார் கையிலும் போன் இருக்கும்போது வகுப்பு எதுக்கு என்று கேட்பவர்கள் உண்டு. வீடியோ பார்க்கத் தெரிவது வேறு, வேலை முடிக்கத் தெரிவது வேறு. போட்டோவை இத்தனை கே.பி.க்குள் குறைத்து ஏற்று என்று ஒரு விண்ணப்பம் கேட்டால், நாள் முழுக்க போனும் கையுமாக இருக்கிற இளவட்டமே முழிக்கிறது. பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் காசு இல்லாமல் எடுக்கலாம். இது தெரியாமல் அதற்கும் கடையில் பணம் கொடுப்பவர்கள் எத்தனையோ பேர்.

இதை விடப் பெரிய ஆபத்து, ஓ.டி.பி. "நம்பர் வந்துச்சா, சொல்லுங்கம்மா" என்று கவுண்டரில் கேட்டதும் சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். வருஷக்கணக்கில் இப்படிப் பழகிய அம்மாவிடம், 'பேங்க்ல இருந்து பேசறேன்' என்று ஒருத்தன் போன் போட்டுக் கேட்டால் மட்டும் எப்படிச் சொல்லாமல் இருப்பார்? ஓ.டி.பி. என்பது வீட்டுச் சாவி மாதிரி என்று அவருக்கு யாருமே சொல்லவில்லையே. 'டிஜிட்டல் கைது' மோசடி பற்றி 2024-ல் பிரதமரே வானொலியில் எச்சரித்தார். பணம் போனால் உடனே 1930-க்கு போன் போடணும். அந்த நம்பர் எத்தனை வீட்டுச் சுவரில் எழுதி இருக்கிறது?

ஆகவே வகுப்பில் முதல் பாடம் படம் வரைகிற சாப்ட்வேர் இல்லை. பாஸ்வேர்டு வைப்பது, அதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது, பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் மறக்காமல் லாக்-அவுட் செய்வது. வேர்டு, எக்செல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யார் சொல்லிக் கொடுப்பது?

சிக்கலே இதில்தான். கிளை நூலகம் என்றால் பல இடங்களில் நூலகர் ஒருத்தர்தான். கதவு திறப்பது, புத்தகம் கொடுப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர் தலையில். ஊர்ப்புற நூலகம் இன்னும் மோசம். வகுப்பும் நீயே எடு என்றால் கையெழுத்து வாங்கிப் போட்டோ எடுத்து அனுப்புவதோடு முடிந்துவிடும்.

கேரளாக்காரர்கள் இதை வேறு மாதிரி செய்தார்கள். 2002-ல் மலப்புறத்தில் 'அக்ஷயா' திட்டம் தொடங்கியபோது வீட்டுக்கு ஒருத்தருக்கு கம்ப்யூட்டர் கற்றுக் கொடுத்தார்கள். தொடங்கி வைத்தவர் அப்துல் கலாம். அடுத்த கட்டத்தில் யாருக்குத் தெரியவில்லை என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். திருவனந்தபுரம் மாவட்டம் புல்லம்பாறை பஞ்சாயத்தில் 100 நாள் வேலை நடந்த இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. 2025 ஆகஸ்ட் 21-ல் மாநிலம் முழுக்க டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். புதிதாகக் கற்றவர்கள் 21 லட்சத்துக்கும் மேல். முழுக்க என்பதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். இருந்தாலும் ஆளைத் தேடிப் போனார்கள் பாருங்கள், அது பெரிய விஷயம்.

நம்ம ஊரிலும் அதற்கு வழி இருக்கிறது. நூலகத்துக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டு போய்க் கொடுக்க 2022-ல் 'நூலக நண்பர்கள்' திட்டம் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள்தான் செய்கிறார்கள். புத்தகம் கொடுக்கப் போகிற அதே பிள்ளை, வாரத்தில் ஒரு நாள் நூலகத்தில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன? பெண்களுக்கு சமையல், பள்ளிக்கூடம் எல்லாம் முடிந்த மதிய நேரம் தோதுப்படும். பெரியவர்களுக்குக் காலை நேரம். எல்லாரையும் ஒரே கூட்டமாக உட்கார வைத்தால் கேள்வி கேட்கவே கூச்சப்படுவார்கள்.

இன்னொன்று, தேதி. கோடை லீவில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தி, ஜூனில் பள்ளி திறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். மத்திய அரசு பென்ஷன்தாரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய மாதம் நவம்பர். 80 வயது ஆனவர்களுக்கு அக்டோபர் 1-ல் இருந்தே வாய்ப்பு உண்டு. 2021-ல் இருந்து போனில் முகத்தைக் காட்டியே அதைக் கொடுக்கலாம். வங்கி வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. அந்தப் பெரியவர்களுக்கு உதவணும் என்றால் வகுப்பை செப்டம்பரிலேயே தொடங்கணும். நூலக வாசலில் தமிழில் ஒரு போர்டும் வைக்கணும்.