செல்ப் சில நேரம் அடிக்கும், சில நேரம் அடிக்காது



இந்த மாதம் பக்கம் முழுவதையும் ஒரே ஒரு கடிதத்துக்குக் கொடுக்கிறேன். எழுதியவர் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறார். அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது மாத்தளையை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அவர் பிறந்ததும் மணம் முடித்ததும் கணவரை இழந்ததும் அங்கேதான். 2009க்குப் பின் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாய்வழி உறவினர் இருக்கும் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டார். தைத்த உடுப்புகளை ஒரு பழைய ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு லயன் லயனாகப் போய் விற்பதுதான் சீவியம்.

அந்த ஸ்கூட்டர் காலையில் வீட்டு வாசலில் ஒரே அமுக்கில் ஸ்டார்ட் ஆகிறதாம். பின்னேரம், ஆள் நடமாட்டம் இல்லாத மலைப் பாதையில், பொத்தானை அமுக்கினால் ஒரு சத்தமும் இல்லையாம். தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போனால் அங்கே நல்ல பிள்ளை போல ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பெட்டரியை மாற்றிவிட்டார். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டரையும் மாற்றிவிட்டார். இனி எதையும் மாற்றக் காசில்லை, ஸ்கூட்டரை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தார். விற்றுவிட்டால் தொழிலும் போய்விடும் என்பதையும் அவரே எழுதியிருந்தார்.

நானும் பத்து வருடத்துக்கு மேலாக இந்த மாவட்டத்தின் வீதிகளில் இருசக்கர வாகனம் ஓட்டுகிறவள். பழுது பார்ப்பதைக் கராஜில் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவள். ஆகவே விற்க வேண்டாம், பொறுங்கள் என்று உடனே பதில் போட்டேன். கூடவே, பத்து நாளைக்கு ஒரு கொப்பியில் குறிப்பு எழுதும்படியும் கேட்டேன்.

கொப்பி எதற்கு என்று நீங்களும் நினைப்பீர்கள். வன்னியில் இருந்தவர்களுக்கு மலேரியாக் காய்ச்சல் தெரியும். நடுங்கிக்கொண்டு கிடந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காய்ச்சல் விட்டுவிடும். ஐயா கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. விட்டுவிட்டு வரும் மின்சாரப் பழுதும் அப்படித்தான். அது வரும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் மெக்கானிக் அல்ல, நாம். அந்த நேரத்தில் என்னென்ன இருந்தது என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும். எத்தனை மணி, மழையா வெயிலா, எஞ்சின் சூடா ஆறியதா, ஹென்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, என்ன சத்தம் கேட்டது, ஹோர்ண் அடித்ததா, பிரேக் லைட் எரிந்ததா. இவ்வளவும் போதும்.

பத்து நாளில் அவருடைய ஸ்கூட்டர் ஆறு தடவை மக்கர் பண்ணியிருந்தது. அவருடைய எழுத்தைப் படித்தபோது எனக்கு மூன்று விஷயம் கண்ணில் பட்டது. முதலாவது, ஆறு தடவையும் 'டிக்' என்ற சத்தம்கூட வரவில்லை. இரண்டாவது, பார்த்த நேரமெல்லாம் ஹோர்ணும் பிரேக் லைட்டும் சேர்ந்தே வேலை செய்யவில்லை. மூன்றாவது, ஆறு தடவையும் ஒடுங்கிய பாதையில் ஹென்டிலை இடப்பக்கம் ஒடித்துப் பூட்டி நிறுத்தியிருந்திருக்கிறார். இரண்டு தடவை பல்லுத் தேய்ந்த கிக்கரை மிதித்து மிதித்து ஒருபடியாக ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார். இதுவும் நல்ல தகவல். கிக்கரில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் பெற்றோல், பிளக், பொறி எல்லாம் சரி, பழுது செல்ப் பக்கத்தில்தான் என்று ஓரளவு நம்பலாம்.

இங்கே செல்ப் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டருக்கு நிறைய மின்சாரம் வேண்டும். அவ்வளவையும் சின்னப் பொத்தானால் தாங்க முடியாது. அதனால் பொத்தான், ரிலே என்ற சின்னப் பெட்டிக்கு ஒரு கட்டளை மட்டும் கொடுக்கும். ரிலே 'டிக்' என்று மூடிக்கொண்டு, தடித்த வயர் வழியாகப் பெட்டரியை மோட்டருடன் இணைக்கும். கட்டளை போகும் மெல்லிய வழி பெட்டரியில் தொடங்கி, பியூஸ், சாவி சுவிட்ச், பிரேக் சுவிட்ச், பொத்தான் என்று போய் ரிலேயில் முடியும். ஸ்கூட்டர்களில் பிரேக்கைப் பிடிக்காமல் செல்ப் அடிக்காததற்கு இதுதான் காரணம். மோட்டார் சைக்கிளில் பிரேக் சுவிட்சுக்குப் பதிலாகக் கிளச் சுவிட்சோ நியூட்ரல் சுவிட்சோ இருக்கும். புதிய வண்டிகளில் சைட் ஸ்டாண்ட் சுவிட்சும் உண்டு. வழியில் எந்த ஒரு இடம் விட்டாலும் எல்லாம் செத்தமாதிரிதான்.

ஆகவே காதுதான் நமது முதல் கருவி. பொத்தானை அமுக்கும்போது சத்தமே இல்லாவிட்டால் மெல்லிய வழியைப் பாருங்கள். ஒரே ஒரு 'டிக்' கேட்டு மோட்டர் சுற்றாவிட்டால், கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது. ரிலேயின் உள்முனை, தடித்த வயர், மோட்டர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். 'டிக் டிக் டிக்' என்று அவசரமாக அடித்தால் அநேகமாகப் பெட்டரி இறங்கியிருக்கும், அல்லது அதன் முனை தளர்ந்திருக்கும். நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் அது செல்ப் பழுதே அல்ல. பிளக், கொயில், பெற்றோல் என்று வேறு பக்கம் தேட வேண்டும். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும் வண்டிகளில் கொயில்களை முதலில் பார்ப்பது என் வழக்கம்.

மீற்றர் ஒன்று வைத்திருப்பவர்களுக்கு நாலு இலக்கங்கள் தெரிந்தால் போதும். இரவு முழுதும் நின்ற 12 வொல்ட் பெட்டரி காலையில் 12.6க்குக் கிட்டக் காட்ட வேண்டும். 12க்கு இறங்கியிருந்தால் அது காலி. செல்ப் அடிக்கும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பெட்டரி பலமில்லை. எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் அக்சிலேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் பெட்டரி சார்ஜ் ஆகவில்லை, புதுப் பெட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும். மீற்றர் இல்லாதவர்கள் ஒரு பழைய 12 வொல்ட் இண்டிகேட்டர் மின்குமிழில் இரண்டு வயரை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் எந்த இடம் வரை வந்து நிற்கிறது என்பதை அந்தக் குமிழ் காட்டிக் கொடுத்துவிடும்.

கடிதம் எழுதிய சகோதரி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை மாத்தளைக்குக் கொண்டுவந்தார். சாவியைப் போட்டு, பிரேக்கைப் பிடித்தபடி ஹென்டிலை மெதுவாக இடப்பக்கம் திருப்பச் சொன்னேன். பாதியளவு திரும்பியதும் பிரேக் லைட் அணைந்தது. நேராக்கினால் எரிந்தது. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் அப்படியே. கராஜுக்கு ஸ்கூட்டர் எப்போதும் நேரான ஹென்டிலுடன் தள்ளப்பட்டே போனது என்பதால்தான் அங்கே பழுது தெரியவில்லை. வீட்டு வாசலிலும் அது நடு ஸ்டாண்டில் நேராகவே நிற்கும்.

முன்மூடியைக் கழற்றிப் பார்த்தோம். யாரோ எப்போதோ வயர்களை ஒன்றுசேர்த்து பிளாஸ்டிக் கட்டினால் ஹென்டில் கழுத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ரத்தோட்டை வீதியின் வளைவுகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாளில் எத்தனை தடவை ஹென்டில் திரும்பும்! ஒவ்வொரு தடவையும் வயர் அதே இடத்தில் மடிந்து மடிந்து, உள்ளே செம்பு இழைகள் அறுந்துவிட்டன. வெளி உறை முழுசாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. பிடித்து மெல்ல இழுத்தபோது அந்த இடம் மட்டும் றப்பர் மாதிரி நீண்டது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, ஒரு சாண் புது வயரைக் கொஞ்சம் தளர்வாக வைத்து ஈயம் ஒட்டி, உறை போட்டுக் கட்டினோம். அரை நாள் வேலை. செலவு தேநீர்ச் செலவை விடக் கொஞ்சம் அதிகம்.

பெட்டரிக்கும் மோட்டருக்கும் கொடுத்த காசை நினைத்து அவருக்கு அழுகை வந்தது. மெக்கானிக்மார் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழுது தெரியாத வண்டியை முன்னால் வைத்தால் அவரும் ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஊகத்தின் செலவு நம்முடையது. அதனால், மாற்றுவதற்கு முன் அளந்து காட்டுங்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானை வாங்கி வையுங்கள். கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். பெண் என்பதால் சிரிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். தேதி போட்டு எழுதிய குறிப்பைக் கண்டால் சிரிக்கிறவர்களும் நின்று வாசிப்பார்கள்.

செல்ப் ஸ்டார்ட்டுக்கே ஒரு பெண் சரித்திரம் உண்டு என்பது எனக்குப் பிடித்த விஷயம். முன்பு கார்களை இரும்புக் கம்பியால் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணுவார்கள். கம்பி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் பலர். அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் என்பவர் செய்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் வந்தது. அதன் பிறகு கார் ஓட்டும் பெண்களின் தொகை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. அதனால் பழைய வண்டிகளையே கட்டியிழுத்து ஓட்டுகிறோம். அவற்றின் வயர்களுக்கும் வயதாகிவிட்டது. றிவர்ஸ்டன் பக்கத்துப் பனியிலும் மழையிலும் ஓடும் வண்டிகளில் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மாதம் ஒரு தடவை பெட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளைப் பூப் பூத்திருந்தால் முதலில் மறை முனையையும், பிறகு நேர் முனையையும் கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து உலரவிட்டு, பூட்டும்போது மறை முனையைக் கடைசியாகப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள். பியூஸ் எரிந்தால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வண்டியையே எரிக்கும். பெற்றோல் வாசம் வரும் நேரத்தில் எந்த வயரையும் தொட்டுப் பொறி காட்ட வேண்டாம். பொத்தானையும் ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அமுக்காமல், கொஞ்சம் ஓய்வு கொடுத்து அமுக்குங்கள்.

கடிதத்தின் கடைசியில், சாதாரண தரம் எழுதிய தன் மகள் இந்த வேலையைப் படிக்கலாமா என்றும் அந்தச் சகோதரி கேட்டிருந்தார். தாராளமாகப் படிக்கலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாத்தளை மாவட்டக் காரியாலயத்தில் விசாரித்தால் மோட்டார் வாகனப் பாடநெறிகள் எங்கே நடக்கின்றன, விண்ணப்பம் எப்போது எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். வன்னியில் உறவினர் இருப்பவர்களுக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உண்டு. எங்கே படித்தாலும் என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று முன்மூடியைக் கழற்றியபோது திருகாணிகளை வரிசை பிசகாமல் ஒரு பீங்கானில் எடுத்து வைத்தது அந்த மகள்தான்.